காரணமில்லாம வேலைக்கு வராதவர்

எனக்குச் சிங்களம் நல்லா வரும். இதைப் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச காலம் ஒண்ணு இருந்துச்சு. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல இருபது வருஷத்துக்கு மேல சிங்களம் சொல்லிக்குடுத்துத் தொண்டை கிழிஞ்சவ நான். எங்க ரோட்டுல யாருக்குச் சிங்களத்துல கடுதாசி வந்தாலும் எங்க வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க. கரண்ட வெட்டுவோம்னு வந்த கடுதாசி, காணி ஆபீசுக் கடுதாசி, ஆஸ்பத்திரித் துண்டு, எல்லாம் என் கைக்கு வந்துதான் தமிழாகும். தமிழ்ல அனுப்பணும்னு சட்டம் இருக்காம். சட்டம் அது பாட்டுக்கு இருக்கும், கடுதாசி அது பாட்டுக்குச் சிங்களத்துல வரும். கொண்டு வர்றவங்க வெறுங்கையோட வர மாட்டாங்க. ரெண்டு சௌசௌ, ஒரு கட்டு லீக்ஸ், இல்லாட்டி ஒரு பிஸ்கட் பக்கெட். வேணாம்னு எவ்வளவு சத்தம் போட்டாலும் வாசப்படியில வச்சுட்டுப் போயிருவாங்க.

ஊர் பேரு வேணாம். ஹட்டன்ல பஸ் ஏறினா முக்கால் மணி நேரம். பெரிய ரோட்டுலேருந்து கீழ சறுக்கிக்கிட்டு எறங்குற ஒரு சின்ன ரோட்டு, அதுல பதினோரு வீடு. அதுக்கும் கீழ தோட்டத்துத் தேயிலை, தேயிலைக்கு நடுவுல லயம், தோட்டத்து ஆளுங்க குடியிருக்குற, ஒட்டி ஒட்டிக் கட்டின வீட்டு வரிசை. நாங்க பதினோரு வீட்டுக்காரங்களும் ஒரு காலத்துல அப்படி ஒரு லயத்துலேருந்து ஏறி வந்து, துண்டு காணி வாங்கி வீடு கட்டினவங்கதான். மேல வந்துட்டோம்ங்கிறதுக்கு எங்களுக்கு இருந்த பெரிய அத்தாட்சி என்ன தெரியுமா? எங்க குப்பைய பிரதேச சபை ட்ரக்டர் வந்து அள்ளும். லயத்துக் குப்பைய எந்தச் சபையும் அள்ளாது. சிரிக்காதீங்க, எங்களுக்கு அது பெரிய விஷயம்.

செவ்வாக்கிழமை உக்குற குப்பை, வெள்ளிக்கிழமை உக்காத குப்பை. சோறு, கறி, தேயிலைத் தூளெல்லாம் ஒரு பேக்குல. பிளாஸ்டிக், போத்தல், கண்ணாடியெல்லாம் வேற பேக்குல. கண்ணாடின்னா பேப்பர்ல சுத்திக் கட்டி வைக்கணும். ட்ரக்டர்ல ரெண்டே பேர்தான் வருவாங்க. ட்ரைவர் சீட்ட விட்டு எறங்க மாட்டார். அள்ளுறவர் எங்களுக்குக் கீழ இருந்த லயத்துக்காரர். நாப்பது வயசுக்குள்ளதான் இருக்கும், நான் தம்பின்னுதான் கூப்புடுவேன். "டீச்சர், குப்பே!" அப்படின்னு அவர் போடுற சத்தத்துலதான் எங்க வீட்டுல செவ்வாக்கிழமை விடியும். மறந்துட்டு ஓடிப்போயி ரோட்டு முனையில பேக்க நீட்டினாலும் மூஞ்சியச் சுளிக்காம வாங்கிப் போடுவார். கேட்டைத் தெறந்தா திரும்பச் சாத்திட்டுப் போற மனுசன் அந்த ஊர்லயே அவர் ஒருத்தர்தான். தற்காலிக வேலை. ஏழெட்டு வருஷமா அதே தற்காலிகம். நிரந்தரமாக்குற லிஸ்ட்டுல இந்தத் தடவ பேரு வந்துருச்சுன்னு ஒரு நாள் கேட்டுல நின்னு சொன்னார். மூஞ்செல்லாம் சிரிப்பு. "இனிமே பிள்ளைங்களுக்கு அப்பா என்ன வேலைன்னு கேட்டா சபை வேலைன்னு எழுதலாம் டீச்சர்"ன்னார்.

அதுக்குப் பொறவு ஒரு செவ்வாக்கிழமைதான் இந்தக் கூத்து நடந்துச்சு.

எங்க வீட்டுக்காரர் தோட்டத்து ஆபீசுல கிராணி, கணக்கு எழுதுறவர். காலையில அவருக்குப் பிளாஸ்க்குல தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிறது வழக்கம். அன்னைக்கு ஈரக் கையோட தூக்கினேன், நழுவி நெலத்துல விழுந்துருச்சு. வெளிய ஒரு கீறல் இல்ல. மூடியத் தெறந்தா உள்ளார இருந்த கண்ணாடி பூராவும் நொறுங்கி, வெள்ளி வெள்ளியா மின்னுது. மேல ட்ரக்டர் சத்தம் கேக்குது. எனக்கு ஆறே முக்கால் பஸ். பேப்பரத் தேடி, சுத்தி, கட்டி, வெள்ளிக்கிழமை வரைக்கும் எடுத்து வச்சு… யாருக்கு நேரம் இருக்கு? உக்குற குப்பை பேக்கோட வாயத் தெறந்து, உருளைக்கிழங்குத் தோலுக்கு நடுவுல கொட்டி, முடிச்சுப் போட்டு கேட்டடியில வச்சேன். ஒரு நாள்தானேன்னு நெனச்சேன். போன மாசந்தான் வகுப்புல போர்டு பூராப் படம் போட்டு, கண்ணாடிய எப்படி வைக்கணும்னு பிள்ளைங்களுக்குச் சிங்களத்துல வசனம் எழுதச் சொல்லியிருந்தேன். என் வாய்க்கும் என் கைக்கும் அவ்வளவு தூரம்.

ஜன்னலுகிட்ட நின்னு தலை சீவிக்கிட்டு இருந்தப்ப "அய்யோ அம்மா"ன்னு ஒரு சத்தம். எட்டிப் பாத்தேன். ட்ரக்டர் பெட்டியில பேக்குங்கள அமுக்கி எடம் பண்ணுவார்ல, அப்படி அமுக்கியிருக்கார். வலது கைய எடது கையால புடிச்சுக்கிட்டு அப்படியே குந்தினார். கையுறை இல்ல. ரத்தம் முழங்கை வரைக்கும் ஓடுது. தலையில கட்டியிருந்த துண்ட உருவிக் கையில சுத்தினார். ட்ரைவர் ஹோன் அடிக்கிறான், சீக்கிரம் ஏறுங்கிற மாதிரி.

நான் ஜன்னல விட்டுப் பின்னுக்கு வந்தேன். அதத்தான் நான் செஞ்சேன். ஓடிப் போகல, தண்ணி கொண்டு போகல, என்னாச்சு தம்பின்னு ஒரு வார்த்த கேக்கல. என் பேக்கா இருக்காது, மேல எட்டு வீட்டுப் பேக்கு கெடக்குதேன்னு நெனச்சேன். நெனச்சேன்னு சொல்றதே பொய். அப்படி நெனக்க வச்சுக்கிட்டேன். ட்ரக்டர் மேல போற வரைக்கும் வீட்டுக்குள்ள நின்னுட்டு, அப்புறம் பெரிய ரோட்டுக்கு ஏறி ஓடி பஸ்ஸப் புடிச்சேன்.

வெள்ளிக்கிழமை ட்ரக்டர் வரல. அடுத்த செவ்வாயும் வரல. டீசல் இல்லாத காலத்துல மாசக்கணக்கா வராம இருந்திருக்கு, அப்ப யாரும் வாயத் தெறக்கல, நாடே அப்படித்தான் கெடந்துச்சு. இப்ப என்ன கேடு? பெரிய ரோட்டுல ட்ரக்டர் போறது நல்லாத் தெரியுது, எங்க ரோட்டுக்கு மட்டும் எறங்க மாட்டேங்குது. அள்ள ஆளில்லாம இந்தச் சறுக்கல்ல எறங்க முடியாதுன்னு ட்ரைவர் சந்தியில கடை வச்சிருக்குற முஸ்லிம் பெரியவர், நாங்க நானான்னு கூப்புடுவோம், அவர்கிட்ட சொன்னானாம். நாங்க எல்லாரும் பேக்குங்கள நானா கடை ஓரத்துல கொண்டு போய்க் குவிச்சோம். நாய் இழுத்துச்சு, காட்டுப் பன்னி வந்து கிழிச்சுச்சு, ரெண்டு நாள் மழையில எல்லாம் ரோட்டோரத்துத் தண்ணிக் கானுக்குள்ள எறங்கிருச்சு. நாத்தம்னா நாத்தம், வீட்டுக்குள்ள உக்காந்து சோறு திங்க முடியல. பக்கத்து வீட்டுக்காரங்க பிளாஸ்டிக்க எரிச்சு, அந்தப் புகை எங்க கொடியில காஞ்ச துணியிலெல்லாம் ஏறிருச்சு. எனக்கும் அவங்களுக்கும் பெரிய சண்டை. ரோட்டு ஆளுங்களோட வாட்ஸப் குரூப்புல விடிஞ்சா பொழுதுபட்டா குப்பை ஃபோட்டோதான்.

அந்த மூணு வாரத்துல அவர் கை எனக்கு ஞாபகம் வந்துச்சான்னு கேட்டா, வந்துச்சு. ரெண்டு தடவ வந்துச்சு. ரெண்டு தடவயும் வேற வேலையப் பாத்தேன்.

"டீச்சர், நீங்க ஒரு கடுதாசி போட்டா சபையே ஆடிப் போயிரும்"ன்னார் நானா. அவர் கடை வாசல்லதானே நாத்தம், அவருக்கு அவசரம். எனக்கு அது போதும். புகழ்ந்துட்டா நான் பேனாவ எடுத்துருவேன், அது என் வியாதி. அன்னைக்குச் சாயந்தரமே உக்காந்து ரெண்டு பக்கம் எழுதினேன். நல்ல சிங்களம், இலக்கணச் சுத்தமா, உறைக்கிற மாதிரி. நாய், பன்னி, கான், டெங்கு எல்லாத்தையும் போட்டேன். அதுல ஒரு வசனம் இப்பவும் எனக்கு மனப்பாடம். "எமது பாதைக்குப் பொறுப்பான ஊழியர் எந்தக் காரணமுமின்றித் தொடர்ச்சியாக வேலைக்குச் சமுகமளிப்பதில்லை." ட்ரைவரப் பத்தி எழுதினா அவன் கோவத்துல ட்ரக்டர வேணும்னே நிப்பாட்டிருவானோன்னு ஒரு பயம். அதனால அவன விட்டுட்டு இவரப் புடிச்சேன். இவர் கோவப்பட மாட்டார்ல. பதினோரு வீட்டுலயும் கையெழுத்து வாங்கினோம். முதல் கையெழுத்து என்னுது.

ஒரே வாரந்தான். செவ்வாக்கிழமை ட்ரக்டர் வந்துருச்சு, புது ஆளோட. குரூப்புல எல்லாரும் கும்பிடுற கையும் பூவுமாப் போட்டுத் தள்ளினாங்க. "டீச்சர்னா டீச்சர்தான்"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். நான் அத எங்க வீட்டுக்காரருக்கும் காட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கதவு தட்டுச்சு. தெறந்தா அவர். எடது கையில ஒரு பேக்கு, வலது கைய சட்டைக்குள்ள மறைச்ச மாதிரி வச்சிருந்தார்.

"டீச்சர், தொந்தரவுக்கு மன்னிக்கணும். சபையிலேருந்து கடுதாசி குடுத்திருக்காங்க. பேசச் சொன்னா நான் சிங்களம் பேசிருவேன், வாசிக்கத்தான் வராது. என்னன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க"ன்னார்.

"வாங்க தம்பி, உக்காருங்க"ன்னு கடுதாசிய வாங்கினேன். ரெண்டு தாள். முதல் தாள் சபைக் கடுதாசி. பொதுமக்கள் முறைப்பாட்டின் பேரில் உங்கள் தற்காலிகச் சேவை முடிவுக்குக் கொண்டுவரப்படுகிறது, முறைப்பாட்டின் பிரதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. அடுத்த தாளப் பெரட்டினேன். என் எழுத்து. எங்க ரோட்டுப் பேரு, நாய், பன்னி, கான். கையெழுத்து இருந்த ரெண்டாம் பக்கத்த மட்டும் எடுத்துட்டுக் குடுத்திருந்தாங்க.

அவர் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கார், டாக்டர் மூஞ்சியப் பாக்குற மாதிரி. நான் வாசிச்சேன். ஒவ்வொரு வரியாத் தமிழ்ல சொன்னேன். என் வசனத்த நானே வாசிச்சு, நானே மொழிபெயர்த்து, அந்த மனுசன் காதுல போட்டேன். "காரணமின்றி"ங்கிற எடம் வந்ததும் கடுதாசிய மூஞ்சிக்கு நேராத் தூக்கிப் புடிச்சேன். ஆனாலும் சொல்லிட்டேன்.

"காரணமில்லாமலா?" அப்படின்னு மெதுவாக் கேட்டார். அப்புறம் சட்டைக்குள்ளேருந்து கைய எடுத்து மேசை மேல வச்சார். உள்ளங்கையிலேருந்து நடு விரல் அடி வரைக்கும் தையல் போட்ட தழும்பு. நடு விரலும் மோதிர விரலும் மடங்கல. "நரம்பு அறுந்துருச்சாம் டீச்சர். நுவரெலியா ஆஸ்பத்திரியில ஒரு வாரம் படுத்திருந்தேன். ட்ரைவர்கிட்ட சொல்லி அனுப்பினேன், அவன் ஆபீசுல சொல்லவே இல்ல, இப்பக் கேட்டா தான் ஒண்ணும் பாக்கலங்கிறான். நான் போய்ச் சொன்னா, லீவு எடுத்துட்டுக் கதை சொல்றேங்கிறாங்க. இந்த ரோட்டுலதான் டீச்சர் பட்டுச்சு. யாரு வீட்டுப் பேக்குன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சாலும் நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. யாரும் வேணும்னு போடுவாங்களா?"

நான் கடுதாசிய மடிச்சு அவர் பக்கம் தள்ளி வச்சேன்.

"ஆபீசுல பெரிய கிளார்க் ஒரு விஷயம் சொன்னார். வேலை நேரத்துல, இந்த எடத்துலதான் கையில பட்டுச்சுன்னு பாத்த ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப் போதுமாம். அப்பீல் பண்ணினா எடுத்துக்குவாங்களாம், லிஸ்ட்டுலயும் பேரு அப்படியே இருக்குமாம். உங்க கேட்டடியிலதான் டீச்சர் நடந்துச்சு. நீங்க பாத்தீங்களா?"

பாத்தீங்களான்னு கேட்டார். பாத்தேன். ரத்தம் முழங்கை வரைக்கும் ஓடுனதப் பாத்தேன். வாயத் தெறந்து "பாத்தேன் தம்பி"ன்னு சொன்னா முடிஞ்சுச்சு. அப்ப என்னென்னமோ மண்டைக்குள்ள ஓடுச்சு. பாத்தேன்னு சொன்னா, அப்ப ஏன் காரணமில்லாமன்னு எழுதினேன்னு கேப்பாங்க. யாரு கண்ணாடின்னு கேப்பாங்க. பதினோரு வீட்டுக்காரங்களும் என்ன நெனப்பாங்க, பள்ளிக்கூடத்துல என்ன பேசுவாங்க.

"நான் அன்னைக்கு முன்னாடியே பஸ்ஸுக்குப் போயிட்டேன் தம்பி"ன்னேன்.

"அப்படியா. சரி டீச்சர்"ன்னார். அவ்வளவுதான். சந்தேகமே படல. எங்க ரோட்டுல ஒருத்தரும் என்னைச் சந்தேகப்பட்டது கெடையாது.

அப்பீலையும் நான்தான் எழுதிக் குடுத்தேன். அது போதாதான்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். முறைப்பாட்ட விட நல்லா எழுதினேன். வாசிச்சா கல்லும் கரையும். சாட்சிங்கிற எடத்த மட்டும் வெறுமையா விட்டேன். அவர் எடது கையால, ரொம்ப நேரமா, கோணல் மாணலாக் கையெழுத்துப் போட்டார். போறப்ப கொண்டு வந்த பேக்க வாசப்படியில வச்சார். நாலு சௌசௌ. வேணாம் தம்பின்னு கெஞ்சினேன், அதக் கூட அவர் என் பெருந்தன்மைன்னு எடுத்துக்கிட்டார்.

அன்னைக்கே எங்க வீட்டுக்காரர்கிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவர் பயந்துட்டார். "நீ போய் எழுதிக் குடுத்தா ஊரே சிரிக்கும், உன் வேலைக்கும் கேடு. பேசாம இரு"ன்னார். அவர் மேல பழியப் போட எனக்கு வாய் இல்ல. கல்யாணமான நாள்லேருந்து நான் என்னைக்கு அவர் பேச்சக் கேட்டிருக்கேன்? அன்னைக்கு ஒரு நாள்தான் கேட்டேன்.

சௌசௌவக் கறி வச்சேன். திங்க முடியல. கொட்டவும் மனசு வரல. மூணு நாள் சட்டியிலேயே கெடந்து, கடைசியில உக்குற குப்பையிலதான் போச்சு.

ரெண்டு மாசம் கழிச்சு அப்பீலுக்குப் பதில் வந்துச்சு. அதையும் அவர் எங்கிட்டதான் கொண்டு வந்தார். வேற யார்கிட்ட போவார்? சேவை நேரத்தில் காயமேற்பட்டதற்கான சாட்சி சமர்ப்பிக்கப்படாதபடியால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. நாலே வரி. வாசிச்சுச் சொன்னேன். "நீங்க செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சுட்டீங்க டீச்சர்"ன்னு எனக்கு ஆறுதல் சொன்னார். அவர் எனக்கு!

அதத் தாங்க முடியல. அடுத்த திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுட்டு சபைக்குப் போனேன். வீட்டுல சொல்லல. இந்தத் தடவ உள்ளத உள்ளபடி எழுதியிருந்தேன். பிளாஸ்க் உடைஞ்சது, பேக்குல போட்டது, ஜன்னல்ல நின்னு பாத்தது, கடுதாசி எழுதினது, கேட்டப்ப பொய் சொன்னது. பெரிய கிளார்க் ரெண்டு தடவ வாசிச்சார். மூக்குக் கண்ணாடியக் கழட்டிட்டு, "மிஸ், இத அப்பீலோட குடுத்திருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். இப்ப லிஸ்ட்டு போயிருச்சு, அந்த எடத்துக்கு ஆள் போட்டாச்சு. நான் என்ன செய்ய?"ன்னார். சத்தம் போடல. போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். ஃபைல்லயாவது வைங்கன்னேன். சரின்னு முத்திரை குத்தி வாங்கிக்கிட்டார். எங்கேயோ ஒரு அலமாரியில அது இருக்கும். நான் எழுதினதுல முழு உண்மையான கடுதாசி அது ஒண்ணுதான், அது யாருக்கும் உதவல.

திரும்பி வந்து அவர் லயத்துக்கு எறங்கினேன். வீடு பூட்டியிருந்துச்சு. பிள்ளைங்களோட நுவரெலியாப் பக்கம் போயிட்டாங்கன்னு பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரங்க சொன்னாங்க. எனக்கு வந்தது கவலையில்ல. நல்ல வேளைன்னு இருந்துச்சு. வெக்கத்த விட்டுச் சொல்றேன், நல்ல வேளைன்னுதான் இருந்துச்சு.

இப்ப எங்க வீட்டுல ஒரு கண்ணாடித் தம்ளர் உடைஞ்சாலும் மூணு பேப்பர்ல சுத்தி, அட்டப் பெட்டியில போட்டு, ரெண்டு பாஷையிலயும் எழுதி ஒட்டி, வெள்ளிக்கிழமை நானே நின்னு புது ஆள் கையில குடுக்குறேன். இந்த டீச்சருக்கு மண்டையில ஏதோன்னு அவர் நெனக்கிறார் போல. ட்ரக்டர் ஒழுங்கா வருது.

போன ஏப்ரல் லீவுல நுவரெலியாவுக்கு ஒரு வேலையாப் போயிட்டுத் திரும்பி வர பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். சீசன், ஒரே வாகனம், சனம். ஒரு ஹோட்டல் வாசல்ல வாகனங்கள நிப்பாட்டுறதுக்கு விசில் ஊதிக்கிட்டு ஒருத்தர் நிக்கிறார். காக்கிச் சட்டை, வலது கை பாக்கெட்டுக்குள்ள. எடது கையாலதான் காரப் பின்னுக்கு வா, வான்னு காட்டுறார். நான் அந்தப் பக்கம் திரும்பிப் போயிரலாம்னு பாத்தேன். அதுக்குள்ள பாத்துட்டார்.

"டீச்சர்!"ன்னு விசில வாயிலேருந்து எடுத்துட்டு ஓடி வந்தார். அதே சிரிப்பு. பிள்ளைங்க நல்லாப் படிக்கிறாங்களாம். இங்க வேலையும் தற்காலிகந்தானாம். நான் எப்படி இருக்கேன்னு கேட்டார், வீட்டுக்காரரக் கேட்டார், நானாவக் கேட்டார். நான் தலையாட்டிக்கிட்டே இருந்தேன். இப்பச் சொல்லிரு, இப்பச் சொல்லிருன்னு உள்ளுக்குள்ள ஒண்ணு அடிச்சுக்கிட்டு இருக்கு. தம்பி, அது என் பிளாஸ்க்கு. நாலு வார்த்த. சிங்களத்துலயும் தமிழ்லயும் பக்கம் பக்கமா எழுதுறவளுக்கு நாலு வார்த்த வரல.

என் பஸ் பொறப்படப் போகுதுன்னு கண்டக்டர் கத்தினான். நான் திரும்பினேன்.

"ட்ரக்டர் இப்ப ஒழுங்கா வருதா டீச்சர்?"ன்னு பின்னாலேருந்து கேட்டார்.

"வருது தம்பி."

"அங்க ரோட்டு ஆளுங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. கண்ணாடி கிண்ணாடி இருந்தா தனியாச் சுத்தி வைக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. புது ஆளு பாவம், அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்."

சொல்றேன்னேன். சொல்லிட்டு பஸ்ல ஏறிட்டேன்.